நக்லே மாமா ஏன் பேசவில்லை?

ஜுமானா கண் விழித்தபோது அறை பளீரென்று இருந்தது. இரவெல்லாம் சன்னலில் தட்டிக்கொண்டிருந்த மழையின் சத்தம் நின்றுபோயிருந்தது. போர்வையை உதறிவிட்டு ஓடிப்போய் சன்னலைத் துடைத்தாள். பாதாம் மரங்கள், மதில், பக்கத்து வீட்டுக் கூரை எல்லாமே வெள்ளை. வானத்திலிருந்து இன்னும் பஞ்சு பஞ்சாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா! விழுந்துடுச்சு! நக்லே மாமா சொன்ன மாதிரியே விழுந்துடுச்சு!"

சமையலறையில் டீசல் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அம்மா ரீமா பதறிப்போய் எட்டிப் பார்த்தார். "என்ன விழுந்துச்சு? கூரையா?"

"பனிம்மா!"

"அப்பாடா! கூரைன்னு நினைச்சு ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு."

ஜுமானா அதற்குள் அம்மாவின் போனை எடுத்துவிட்டாள். அந்த போன் பேருக்குத்தான் அம்மாவுடையது. அதில் இருந்த 'வெள்ளை விருந்தாளி' என்ற வாட்ஸப் குழு முழுக்க முழுக்க ஜுமானாவுடையது. மலையில் எல்லோரும் பனியை அப்படித்தான் அழைப்பார்கள். புயல் வரப்போகிறது என்றால் போதும், அந்தக் குழுவில் இருப்பவர்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். யார் ஊரில் மழை, யார் ஊரில் பனி, காற்று எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர் என்று நாள் முழுக்கப் பேசுவார்கள். போன் அம்மாவின் பெயரில் இருந்ததால் ஜுமானாவை எல்லோரும் 'ரீமா மேடம்' என்றே அழைத்தார்கள். அவளும் திருத்தவில்லை. அவள் எப்போதும் எழுதுவாள். குரல் செய்தி மட்டும் அனுப்பவே மாட்டாள்.

கடந்த மூன்று நாட்களாகக் குழுவில் பெரிய சண்டை. ஸஹ்லே நகரில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஃபவாஸ்தான் குழுவின் தலைவர். "ஐரோப்பிய வானிலைக் கணிப்பைப் பாருங்க. கடல் சூடா இருக்கு. ரீமா மேடம் இருக்கற ஐன் அல்-லோஸ் மாதிரி நடு மலை ஊருக்கெல்லாம் வெறும் மழைதான்," என்று அடித்துச் சொன்னார்.

மலை உச்சியில் ஷீர் அல்-நஸ்ர் என்ற ஊரில் தனியாக வசிக்கும் நக்லே விடவில்லை. "நீங்க படத்தைப் பாத்துச் சொல்றீங்க. நான் கதவைத் திறந்து பாத்துச் சொல்றேன். காற்று திரும்பும். ஐன் அல்-லோஸ்ல முப்பது சென்டிமீட்டர் விழும். ரீமா மேடம், ரொட்டி வாங்கி வச்சுக்கங்க."

எல்லோரும் சிரிப்புப் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினார்கள். "நக்லே பனி வியாபாரம் ஆரம்பிச்சுட்டார்," என்றார் ஒருவர். முந்தின நாள் மாலை நக்லே கடைசியாக எழுதினார்: "நாளைக்குக் காலையில பேசிக்கலாம். யார் யார் மன்னிப்பு கேக்கணும்னு நான் யோசிச்சு வைக்கிறேன்."

இதோ, காலை வந்துவிட்டது. அவர் சொன்னதே நடந்துவிட்டது. ஜுமானா வாசலைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள்.

"ஐன் அல்-லோஸ்ல கனத்த பனி! இன்னும் விழுது!"

உடனே செய்திகள் வந்து குவிந்தன. கடற்கரையில் ஜூனியே ஊரிலிருந்து ரவாத் எழுதினான்: "இங்கே மழையோ மழை. எனக்கு ஒரே ஒரு துண்டு அனுப்புங்க மேடம், ஃபிரிட்ஜ்ல வச்சுக்கறேன்."

ஃபவாஸ் நெடுநேரம் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். கடைசியில் ஒரே வரி வந்தது: "சரி நக்லே. ஜெயிச்சுட்டீங்க. மன்னிச்சுடுங்க."

எல்லோரும் நக்லேயின் பதிலுக்குக் காத்திருந்தார்கள். பதில் வரவில்லை.

"அவர் ஊர்ல எவ்வளவு விழுந்துச்சோ?" என்று ஒருவர் கேட்டார். அதற்கும் பதில் இல்லை.

"நம்மளைக் காக்க வைக்கிறார். கால்ல விழணும்னு எதிர்பார்க்கறார் போல," என்றான் ரவாத்.

"கோபம். போன மாசமும் மூணு நாள் பேசாம இருந்தாரே. விடுங்க, தானா வருவார்," என்றார் ஃபவாஸ்.

பேச்சு மறுபடியும் காற்றுக்கும் சென்டிமீட்டருக்கும் போய்விட்டது. ஜுமானாவுக்கு மட்டும் மனம் அங்கே போகவில்லை. அம்மா வைத்த பருப்பு சூப்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"கலக்கினது போதும், அதுக்கே தலை சுத்தும். சாப்பிடு," என்றார் அம்மா.

"அம்மா, நக்லே மாமா பேசலை."

"கோபமா இருப்பாரு."

"போன மாசம் கோபமா இருந்தாருதான். ஆனா அப்போ அவர் சொன்னது தப்பாப் போச்சு. தப்பானாத்தான் அவர் பேச மாட்டார். சரியாப் போச்சுன்னா நிறுத்தவே மாட்டார்! போன வருஷம் அப்படித்தான், அவர் அனுப்பின படத்துல உங்க போனே நின்னு போச்சு, ஞாபகம் இருக்கா?"

"மறப்பேனா? அன்னிக்கு உங்க அப்பாகிட்ட யாரு திட்டு வாங்கினா? நான்தான்."

"இன்னிக்கு ஃபவாஸ் மன்னிப்பே கேட்டுட்டார். இதைப் பார்த்துட்டு அவரால சும்மா இருக்க முடியாது. அப்போ அவர் பார்க்கவே இல்லை. ஏன் பார்க்கலை?"

அம்மா ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினார். "கரண்ட் இருந்திருக்காது. டவர் போயிருக்கும். நம்ம வீட்டுலயும்தான் ராத்திரியிலிருந்து இல்லையே."

அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஜுமானா நக்லேவுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். "மாமா, நல்லா இருக்கீங்களா?"

ஒரு டிக் விழுந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இரண்டாவது டிக்கும் விழுந்தது.

"அம்மா, ரெண்டு டிக். அவர் போன் வேலை செய்யுது. டவரும் இருக்கு. அவர்தான் போன்கிட்ட இல்லை."

நேரடியாக அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தாள். அதே மணி. வெளியே காற்று புகைபோக்கிக்குள் புகுந்து ஊளையிட்டது. தன் ஊரிலேயே இப்படி என்றால் மலை உச்சியில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். நினைத்திருக்கவே வேண்டாம் என்று பட்டது.

குழுவில் எழுதினாள்: "நக்லே போன் அடிக்குது, எடுக்கலை. ஷீர் அல்-நஸ்ர்ல யாரையாவது யாருக்காவது தெரியுமா? தயவுசெஞ்சு சொல்லுங்க."

யாருக்கும் யாரையும் தெரியவில்லை. இத்தனை வருடம் தினமும் பேசியிருக்கிறார்கள். அவர் ஊரில் எத்தனை டிகிரி குளிர் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஃபவாஸ் அவசர உதவிக்கு அழைத்துப் பார்த்தார். "ரோடு எல்லாம் மூடியிருக்காம். காணாமப் போனது உறுதியான்னு கேட்கறாங்க. 'வாட்ஸப்ல பேசலை'ன்னு நான் எப்படிச் சொல்றது மேடம்?"

அந்த நேரம் பார்த்து போனின் பேட்டரி சிவப்புக்கு மாறியது.

அம்மா கையை நீட்டினார். "போதும், குடு. சாயங்காலம் அப்பா பெய்ரூத்துலேர்ந்து கூப்பிடுவார். எடுக்கலைன்னா பயந்துபோய் இந்தப் பனியில கிளம்பினாலும் கிளம்பிடுவார்."

ஜுமானா போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கொஞ்சம் பொறுங்கம்மா. ஒரே ஒரு யோசனை."

"நீ அவரைப் பாத்திருக்கியா?"

"இல்லை."

"பேசியிருக்கியா?"

"எழுதியிருக்கேன்." ஜுமானா போனின் திரையைத் துடைத்தாள். "ஒவ்வொரு பனித்துகளுக்கும் பேப்பர்ல வெட்டின மாதிரி ஏன் ஆறு முனை இருக்குன்னு ஒரு நாள் கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவர் மட்டும்தான் ஒரு மணி நேரம் உக்காந்து எழுதினாரு. தப்புத் தப்பா எழுதுவாரு, ஆனா எழுதினாரு."

அம்மா அவளையே பார்த்தார். நீட்டியிருந்த கையை மெல்ல மடக்கிக்கொண்டார். "உன் யோசனையைச் சொல்லு."

"அவர் போட்ட பழைய படங்கள்! அதுல ஊர் தெரியும்ல?"

இருவரும் தலையோடு தலை முட்ட போனைப் பார்த்தார்கள். ஜுமானா வேக வேகமாகத் தள்ளினாள். பனி, பனி, ஒரு கோழி, மறுபடி பனி, பனிக்குள் புதைந்த ஒரு டிராக்டர். பிறகு ஒரு தெரு. தெருவோரம் ஒரு கடை. கடைக்கு மேல் ஒரு பலகை.

"பெருசு பண்ணு, பெருசு பண்ணு!" என்றார் அம்மா. இப்போது அவருக்கும் படபடப்பு தொற்றிக்கொண்டது.

'ஜிஸெல் ரொட்டிக்கடை' என்று எழுதியிருந்தது. கீழே தொலைபேசி எண். ஆனால் கடைசி இலக்கத்தின் மேல் ஒரு கொத்துப் பனி பூனைக்குட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது.

"பாழாப்போன பனி! மத்த இடமெல்லாம் விட்டுட்டு இங்கேதான் உக்காரணுமா?" என்றார் அம்மா.

"பரவாயில்லைம்மா. ஒரே ஒரு எண்தான். பூஜ்யத்துலேர்ந்து ஒண்ணொண்ணாப் பார்க்கலாம்."

பூஜ்யம் போட்டதும், அப்படி ஒரு எண்ணே இல்லை என்று ஒரு பெண் குரல் அறிவித்தது. ஒன்று போட்டாள். முரட்டுக் குரல் ஒன்று கத்தியது.

"மீன் இல்லை! சைதா துறைமுகமே மூடிக் கிடக்கு, கடல் ஆடுற ஆட்டத்துல எவன் போவான்?"

"மன்னிச்சுடுங்க, தப்பா..."

"நீ எங்கேயிருந்து பேசற? மலையா? பனி விழுதா? எவ்வளவு? என் மச்சான் விழாதுன்னு பந்தயம் கட்டியிருக்கான், கொஞ்சம் அவன்கிட்டச் சொல்லேன்!"

ஜுமானா போனை வைத்துவிட்டாள். இரண்டு போட்டாள். ஒரு பெண் கிசுகிசுத்தாள்: "குழந்தை இப்பத்தான் தூங்குச்சு." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். மூன்றில் யாரும் எடுக்கவில்லை. போன் 'சார்ஜ் செய்யவும்' என்று கெஞ்சியது.

"இதுதான் கடைசி," என்று ஜுமானா அம்மாவைப் பார்த்தாள். "நாலு போடறேன். இல்லைன்னா அப்பாவுக்கு வச்சுடறேன்."

அம்மா ஒரு வினாடி யோசித்தார். "அப்பா பெய்ரூத்துல கூரைக்குக் கீழே இருக்கார். இந்த மனுஷன் எங்கே இருக்காருன்னே தெரியலை. நீ போடு. கிடைக்கிற வரைக்கும் போடு."

நான்கு போட்டாள்.

"ஜிஸெல் ரொட்டிக்கடை! ரொட்டி இருக்கு, கரண்ட் இல்லை, வந்து எடுத்துக்கறதுன்னா எடுத்துக்கங்க, கொண்டு வந்தெல்லாம் குடுக்க முடியாது!"

ஜுமானா போனைக் காதில் வைத்தபடி அம்மாவையே பார்த்தாள். அம்மா விலாவில் இடித்தார்.

"அத்தை, நான்... நக்லே மாமா... அவரைத் தெரியுமா?"

"தெரியாம? இந்த ஊர்ல சண்டைன்னா அவன் பேர்தானே முதல்ல வரும்! நீ யாரு? குரலைக் கேட்டா பல் விழாத பிள்ளை மாதிரி இருக்கு. யாருகிட்ட விளையாடறே? அடுப்புல ரொட்டி கருகுது எனக்கு!"

"விளையாட்டு இல்லை அத்தை! சத்தியமா! அவர் போன் அடிக்குது, எடுக்கலை. ரெண்டு டிக் விழுது, பார்க்கலை. அவர் சொன்ன மாதிரியே பனி வந்துடுச்சு, ஆனா அவர் ஒண்ணுமே பேசலை!"

"டிக்கா? என்ன டிக்? எனக்கு ஒண்ணும் புரியலை பொண்ணே."

வைத்துவிடப் போகிறார் என்று தெரிந்தது. ஜுமானா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்.

"அத்தை, இன்னிக்குக் காலையில அவர் ரொட்டி வாங்க வந்தாரா?"

பின்னால் அடுப்பு படபடவென்று எரிவது மட்டும் கேட்டது.

"வரலை," என்றார் ஜிஸெல். அவர் குரல் மாறியிருந்தது. "பனி விழுந்தா முதல் ஆளா வந்து என் வாசல்ல நின்னுக்கிட்டு 'நான் சொன்னேனா இல்லையா'ன்னு உயிரை வாங்குவான். இன்னிக்கு வரலை. எனக்கு ஏன் தோணாமப் போச்சு? இரு, இரு. டேய் ஜிரியெஸ், அடுப்பைப் பாத்துக்க!"

டக்கென்று போன் வைக்கப்பட்டது.

அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. குழுவைத் திறந்தால் இருக்கிற கொஞ்சநஞ்ச பேட்டரியும் போய்விடும். அதனால் போனை மேசை நடுவில் வைத்துவிட்டு இருவரும் அதன் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். ஜுமானா நகம் கடித்தாள். அம்மா அவள் கையைத் தட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அம்மாவே நகம் கடித்தார்.

"ஒருவேளை தூங்கிட்டுத்தான் இருக்காரோ என்னவோ," என்றாள் ஜுமானா. "அந்த அத்தை போய்க் கதவைத் தட்டினா கோபப்படுவாரா?"

"கோபப்படட்டும். நல்லா சத்தமாக் கோபப்படட்டும்."

காற்று மெல்ல அடங்கியது. புகைபோக்கியில் ஊளை நின்றது. பனி மட்டும் சத்தமில்லாமல் இறங்கியது. போன் அசையாமல் கிடந்தது. இனி அடிக்கவே அடிக்காது என்று ஜுமானாவுக்குத் தோன்றிய நேரத்தில் அது அதிர்ந்து, மேசையில் நகர்ந்து, சூப் கிண்ணத்தில் போய் இடித்தது.

"கிடைச்சுட்டான்!" ஜிஸெலுக்கு மூச்சு வாங்கியது. "உயிரோடத்தான் இருக்கான், சண்டையும் போடறான், கவலைப்படாதே என் கண்ணே!"

அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஜுமானாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"வீட்டுக் கதவு திறந்து கிடக்கு. போன் மேசையில கிடந்து கத்துது. ஆளைக் காணோம். கூப்பிட்டுப் பார்த்தா கோழிக் கொட்டகைக்குள்ளேர்ந்து ஒரு முனகல்! விடிகாலையில தீனி போடப் போயிருக்கான். கூரையில இருந்த பனி மொத்தமாச் சரிஞ்சு கதவை அடைச்சுடுச்சு. கதவோ வெளிப் பக்கம் திறக்கிற கதவு. எப்படித் திறப்பான்? உள்ளேயே உக்காந்திருக்கான், வீட்டுச் செருப்போட! விரலெல்லாம் நீலம். கோழிகளை மடியில வச்சுக்கிட்டுக் குளிர் காஞ்சிருக்கான். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..." அவர் நிறுத்திக்கொண்டார். "இப்போ என் அடுப்புப் பக்கத்துல உக்கார வச்சிருக்கேன். தோண்டினதுல ரொட்டி தள்ளுற என் நீளக் கட்டை ரெண்டாப் போச்சு. இரு, உன் நம்பரைப் பாத்துட்டுப் போனைப் பிடுங்கறான்!"

கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் ஓர் இருமல். பிறகு ஜுமானா ஒருநாளும் கேட்டிராத ஒரு குரல். அவள் நினைத்திருந்ததைவிட மெலிந்த குரல்.

"ரீமா மேடம்? நீங்க... எப்படிச் சொல்றதுன்னு தெரியலை மேடம். நான் கத்திக் கத்திப் பார்த்தேன். யாருக்கும் கேட்கலை. உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"மாமா, நான் ரீமா இல்லை. அவங்க பொண்ணு, ஜுமானா. குழுவுல எப்பவும் எழுதறது நான்தான். எனக்குப் பதினொண்ணு."

கம்பியில் இரைச்சல். எதிர்ப்பக்கம் சட்டென்று சூடானது.

"பதினொண்ணா? ஐன் அல்-லோஸ்ல பதினொரு சென்டிமீட்டர்தானா? இருக்கவே முடியாது! நான் முப்பதுன்னு சொன்னேன்! எங்கே வச்சு அளந்தே நீ?"

"மாமா, அது என் வயசு!"

பின்னணியில் ஜிஸெல் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

"வயசா..." என்றார் நக்லே மாமா. தொண்டையைச் செருமினார். அடுத்து அவர் பேசியபோது குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "பதினொரு வயசு. சரிதான். குழுவுல இருக்கற பெரியவங்க ஒருத்தருக்கும் தோணலை பாரு." மறுபடி செருமினார். "சரி, அது கிடக்கட்டும். பனி எவ்வளவு?"

ஜுமானா திகைத்துப்போனாள். காலையிலிருந்து ஒரு தடவைகூட அளக்கவில்லை! இத்தனை வருடத்தில் இப்படி நடந்ததே இல்லை.

"இருங்க மாமா, இதோ!"

"இங்கே பேட்டரி ஒரு சொட்டுதான் இருக்கு," என்று அம்மா போனை வாங்கிக்கொண்டார். "காற்று நின்னுடுச்சு. அப்பாவுக்குப் பக்கத்து வீட்டுப் போன்லேர்ந்து பேசிக்கலாம். நீ சீக்கிரம் போ, நான் இவரைப் பேச்சுக் குடுத்துப் பிடிச்சு வைக்கிறேன்."

ஒரு காலில் அப்பாவின் பூட்ஸ், இன்னொரு காலில் தன்னுடையது. முப்பது சென்டிமீட்டர் பள்ளிக்கூட ஸ்கேலோடு ஜுமானா வாசலுக்குப் பாய்ந்தாள். முற்றத்தின் நடுவில் ஸ்கேலைச் செங்குத்தாக இறக்கினாள். அது இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே போய் முழுசாகப் பனிக்குள் மறைந்தது.

"மாமாகிட்டச் சொல்லுங்கம்மா!" என்று அவள் வீட்டுக்குள் கேட்கும்படி கத்தினாள். "ஸ்கேல் பத்தலை!"